கூடுதல் பணிக்கான கட்டணம் (ஒப்பந்தச் சட்டம்)

கூடுதல் பணிக்கான கட்டணம் என்பது, ஓர் ஒப்பந்தத்தில் முதலில் பேசி முடித்த விலைக்கு மேல், பின்னர் செய்த வேலைக்காகவோ அளித்த பொருளுக்காகவோ கேட்கப்படும் தொகையைக் குறிக்கும். வீடு கட்டுதல், சிற்பம் வடித்தல், சரக்கு அனுப்புதல், விடுதியில் தங்குதல் போன்ற பல தொழில்களிலும் இத்தொகை குறித்துப் பிணக்குகள் எழுகின்றன. இந்தியாவில் இவற்றுக்கான அடிப்படைச் சட்டம், 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆகும்.

கூடுதல் கட்டணம் கேட்பவர் பின்வரும் மூன்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும்.

* பணம் கொடுப்பதாக மற்றவர் அளித்த வாக்குறுதி. இது சொல்லாலோ எழுத்தாலோ நடத்தையாலோ அமையலாம்.
* அத்தொகையை வசூலிக்க உரிமை தரும் ஒரு சட்ட விதி.
* மறுக்க வாய்ப்பு இருந்தும் மற்றவர் ஏற்றுக்கொண்டு துய்த்த பயன்.

இவற்றில் எதுவும் இல்லையெனில், வேலை செய்தவருக்கு உண்மையில் செலவு கூடியிருந்தாலும் அச்செலவு அவரையே சாரும்.

பின்புலம்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்வகைப் பிணக்குகளுக்கு இடம் தரும் தொழில்கள் பல உள்ளன. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், கேளம்பாக்கம், நாவலூர் ஆகிய இடங்களில் தனி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. மாமல்லபுரத்தில் கற்சிற்பத் தொழில் நடைபெறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் அமைந்துள்ளன. இத்தொழில்களில் பல ஒப்பந்தங்கள் வாய்ப்பேச்சாலும் முன்பணத்தாலும் தொடங்குகின்றன. வேலை தொடங்கிய பின் அளவு, பொருள், வடிவம் ஆகியவை மாறுவது வழக்கம். மாற்றம் கேட்கப்படும் நாளில் விலை பேசப்படாமல் விடப்பட்டால், கணக்கு முடிக்கும் நாளில் பிணக்கு எழுகிறது.

ஒப்பந்தம் உருவாதல்

ஒருவர் ஒன்றைச் செய்ய விருப்பம் தெரிவிப்பது முன்மொழிவு எனப்படும். மற்றவர் அதற்கு இசைவது ஏற்பு எனப்படும். ஏற்கப்பட்ட முன்மொழிவு வாக்குறுதி ஆகிறது. வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் கொடுப்பதோ செய்வதோ மறுபயன் ஆகும். பத்திரங்களில் இது பிரதிபலன் என எழுதப்படுகிறது. தகுதியுடைய இருவர், தன்னுரிமையான இசைவுடன், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்காகவும் மறுபயனுக்காகவும் செய்துகொள்ளும் உடன்பாடு ஒப்பந்தம் ஆகிறது (பிரிவு 10). சில வகைகள் தவிர, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை.

ஏற்பு, முன்மொழிவை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் ஒப்புக்கொள்வதாக இருக்க வேண்டும் (பிரிவு 7). "சரி, ஆனால் போக்குவரத்துச் செலவு உங்களுடையது" என்ற பதில் ஏற்பு ஆகாது. அது ஓர் எதிர் முன்மொழிவு ஆகும். முதலாமவர் அதற்கு இசைந்தாலன்றி ஒப்பந்தம் பிறப்பதில்லை.

ஏற்பு நடத்தையாலும் அமையலாம். முன்மொழிவில் கண்ட நிபந்தனையை நிறைவேற்றுவதும், அதனுடன் அளிக்கப்பட்ட மறுபயனைப் பெற்றுக்கொள்வதும் ஏற்பு ஆகும் (பிரிவு 8). சொற்களால் அன்றி நடத்தையால் வெளிப்படும் வாக்குறுதி உட்கிடை வாக்குறுதி எனப்படும் (பிரிவு 9). ஆனால் வெறும் மௌனம் பொதுவாக ஏற்பு ஆகாது. "பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வேன்" என்று எழுதி மற்றவரைக் கட்டுப்படுத்த இயலாது.

தொலைபேசி

தொலைபேசியில் பேசி முடிக்கும் ஒப்பந்தம் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு, பகவான்தாசு கோவர்தன்தாசு கேடியா எதிர் கிர்தாரிலால் பர்சோத்தம்தாசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1965 இல் விடையளித்தது. ஏற்புச் சொல் எங்கே கேட்கப்படுகிறதோ அங்கேயே ஒப்பந்தம் பிறக்கிறது என்பது அத்தீர்ப்பாகும். எடுத்துக்காட்டாக, மாமல்லபுரத்துச் சிற்பி தொலைபேசியில் கூறிய விலையைக் கோயம்புத்தூரில் இருப்பவர் ஏற்றால், ஏற்பு கேட்கப்பட்ட மாமல்லபுரத்தில் ஒப்பந்தம் உருவாகிறது. எனவே செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றங்களில் வழக்குத் தொடர இடமுண்டு.

மின்னஞ்சல்

டிரைமெக்சு இன்டர்நேசனல் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கு, ஆத்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குப் பாக்சைட்டு அனுப்புவது பற்றியது. 2007 அக்டோபரில் இரு நிறுவனங்களும் மின்னஞ்சல் வழியாக விலை, அளவு, ஐந்து கப்பல் சுமைகள் ஆகியவற்றைப் பேசி முடித்தன. முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பம் இடப்படவில்லை. முதன்மையான நிபந்தனைகள் யாவும் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதால் ஒப்பந்தம் முழுமையடைந்தது என்றும், பின்னர் பத்திரம் எழுதப்படாமை அதனைப் பாதிக்காது என்றும் 2010 இல் நீதிபதி ப. சதாசிவம் தீர்ப்பளித்தார். 2009 இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 10அ பிரிவும், மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று கூறுகிறது.

பேசிய விலையை மாற்றுதல்

ஒப்பந்தத்தில் விலை குறிக்கப்பட்டிருந்தால் ஒருவர் தாமாக அதனை உயர்த்த இயலாது. இருவரும் இசைந்தால் மட்டுமே ஒப்பந்தத்தை மாற்றவோ புதிய ஒப்பந்தத்தை அதன் இடத்தில் வைக்கவோ முடியும் (பிரிவு 62).

அலோபி பர்சாத் எதிர் இந்திய ஒன்றியம் (1960) வழக்கு இதற்கு முதன்மையான சான்று ஆகும். இந்திய இராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் முகவர்களாக இருந்த ஒரு நிறுவனத்தார், இரண்டாம் உலகப் போரால் நிலைமை மாறிச் செலவு கூடிவிட்டது என்று காட்டி, ஒப்புக்கொண்ட வீதத்துக்கு மேல் தொகை கேட்டனர். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாகிவிட்டது என்பதற்காக, பேசிய விலையைப் புறக்கணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விலை ஒப்பந்தத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்போது, அதே வேலைக்கு 'தகுந்த கூலி' என்ற பெயரில் வேறு தொகை கேட்க இடமில்லை என்பதும் இத்தீர்ப்பின் கருத்தாகும்.

ஏற்கெனவே கடமைப்பட்ட வேலைக்காகப் பெறப்படும் புதிய வாக்குறுதியும் செல்லாமல் போகலாம். ராமச்சந்திர சிந்தாமன் எதிர் காலு ராஜு (1877) வழக்கில், பேசிய கட்டணத்துக்கு வழக்கை ஏற்றுக்கொண்ட ஒரு வழக்கறிஞருக்கு, வெற்றி பெற்றால் கூடுதல் தொகை தருவதாகக் கட்சிக்காரர் பின்னர் வாக்களித்தார். வழக்கறிஞர் புதிதாக எதையும் செய்ய ஒப்பவில்லை ஆதலால், அவ்வாக்குறுதிக்கு மறுபயன் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. இதற்கு மாறாக, ஒருவர் தாமாக முன்வந்து செய்து முடித்துவிட்ட பணிக்கு ஈடு தருவதாகப் பின்னர் கொடுக்கும் வாக்குறுதி செல்லும் (பிரிவு 25).

விலையே பேசப்படாத இடங்களில் சட்டம் வெற்றிடத்தை நிரப்புகிறது. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, விலை குறிக்கப்படாத சரக்குக்கு வாங்குபவர் நியாயமான விலையைத் தர வேண்டும். அதே சட்டத்தின் 64அ பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பின் சுங்கம், ஆயத்தீர்வை, விற்பனை வரி ஆகியவை உயர்ந்தால் அவ்வுயர்வை விலையுடன் சேர்த்துக்கொள்ள விற்பவருக்கு உரிமை தருகிறது. வரி குறைந்தால் அப்பயன் வாங்குபவருக்கு உரியது.

ஒப்பந்தமின்றிச் செய்த பணி: பிரிவு 70

வாக்குறுதி மெய்ப்பிக்கப்படாத இடங்களில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு பயன்படுகிறது. ஒருவர் மற்றவருக்காகச் சட்டமுறையில் ஒன்றைச் செய்தோ ஒரு பொருளை அளித்தோ, அதனை இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி இருந்து, மற்றவர் அதன் பயனைத் துய்த்தால், பயன் துய்த்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது இப்பிரிவின் சாரம் ஆகும். வணிகர் ஒருவர் தவறுதலாக மற்றொருவர் வீட்டில் விட்டுச்சென்ற சரக்கை, அவ்வீட்டார் தமதாகக் கொண்டு பயன்படுத்தினால் விலை தர வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு.

ஏரி வழக்கு (1894)

இப்பிரிவைப் பற்றிய பழைய தீர்ப்புகளுள் ஒன்று, சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தாமோதர முதலியார் எதிர் இந்தியாவுக்கான அரசுச் செயலர் ஆகும். சென்னை மாகாணத்தில் ஓர் ஏரி பதினொரு கிராமங்களுக்குப் பாசனம் அளித்து வந்தது. அக்கிராமங்களுள் சில சமீன்தார்களுக்கும் சில அரசுக்கும் உரியவை. ஏரியைக் காப்பதற்குத் தேவையான பழுதுபார்ப்பை அரசு செய்து முடித்து, செலவில் ஒரு பங்கைச் சமீன்தார்களிடம் கேட்டது. பங்கு தருவதாக ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனினும் அரசு அவ்வேலையைச் சமீன்தார்களுக்காக இலவசமாகச் செய்ய எண்ணவில்லை. சமீன்தார்கள் நீரின் பயனைத் துய்த்தனர். ஆகவே 70 ஆம் பிரிவின்படி அவர்கள் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இத்தீர்ப்பின் பொருள் ஏரிப் பாசனம் மிகுந்த செங்கல்பட்டுப் பகுதியில் எளிதில் விளங்கும். ஒரே கரையால் காக்கப்படும் நீரைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்வதால், கரையை அடைக்கும் செலவை ஒருவர் ஏற்க, பயன் பலருக்குப் போய்ச் சேர்கிறது. 1794 முதல் 1798 வரை இங்கு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசின் பெயர், மதுராந்தகம் ஏரிக் கரையுடனும் ஏரி காத்த இராமர் கோயில் பற்றிய வழக்காற்றுடனும் இணைத்துப் பேசப்படுகிறது. கரை உடையும் நிலையில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாகப் பெற 1858 ஆம் ஆண்டின் முதலாம் சென்னைச் சட்டம் வழி செய்தது. ஊர்ப் பொதுப்பணியில் வழக்கமும் கட்டாயமும் செய்த வேலையை, ஒப்பந்தமற்ற இருவருக்கிடையே 70 ஆம் பிரிவு செய்கிறது எனலாம்.

மண்டல் வழக்கு (1961)

மேற்கு வங்க மாநிலம் எதிர் பி. கே. மண்டல் மற்றும் மகன்கள் வழக்கில், அரசு அலுவலர்கள் கேட்டுக்கொண்டபடி ஓர் ஒப்பந்ததாரர் கிடங்குகளையும் பிற கட்டடங்களையும் கட்டிக் கொடுத்தார். அரசு ஒப்பந்தங்களுக்குச் சட்டம் விதித்த முறைப்படி பத்திரம் எழுதப்படாததால், ஒப்பந்தம் செல்லாது. ஆயினும் அரசு அக்கட்டடங்களை ஏற்றுப் பயன்படுத்தியது. உச்ச நீதிமன்றம் ஒப்பந்ததாரருக்கு ஈடு வழங்கி, 70 ஆம் பிரிவுக்கு மூன்று கூறுகள் தேவை என்று வகுத்தது.

* செயல் சட்டமுறையானதாக இருக்க வேண்டும்.
* இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது.
* மற்றவர் பயனைத் துய்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது கூறில் ஒரு பாதுகாப்பும் அடங்கியுள்ளது. பயன் பெற்றவர் அதனை மறுக்கவோ திருப்பித் தரவோ உரிமை உடையவர். அவ்வுரிமை இருந்தும் அவர் தம் விருப்பத்துடன் ஏற்றுக்கொண்டால் மட்டுமே கடமை பிறக்கும். கேட்காத வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டுப் பணம் கேட்க இப்பிரிவு உதவாது.

தாயப்பா வழக்கு

வி. ஆர். சுப்பிரமணியம் எதிர் பி. தாயப்பா (1966 இல் வெளியிடப்பட்ட தீர்ப்பு) கட்டட வேலையை நேரடியாகத் தொட்டது. ஒப்பந்ததாரர் ஒருவர், ஒப்பந்தத்தில் அடங்காத கூடுதல் கட்டுமானங்களைச் செய்து, அவற்றுக்குச் சந்தை வீதத்தில் பணம் தருவதாக வாய்மொழி உடன்பாடு இருந்தது என்று வாதிட்டார். அவ்வுடன்பாட்டை அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. எனினும் கூடுதல் வேலை நடந்திருப்பதும் அது இலவசமாகச் செய்யப்படவில்லை என்பதும் தெளிவாக இருந்ததால், 70 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஈடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பையும் அலோபி பர்சாத் தீர்ப்பையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வேலைக்குச் செலவு கூடியது என்றால் பேசிய விலையே செல்லும். ஒப்பந்தத்துக்கு வெளியே வேறு வேலை நடந்தது என்றால் தனி ஈடு கிடைக்கும். எனவே பெரும்பாலான வழக்குகளில் முதற் கேள்வி "இவ்வேலை பேசிய வேலைக்குள் அடங்குமா?" என்பதே ஆகும்.

வீடு கட்டும் ஒப்பந்தங்கள்

தமிழ்நாட்டில் தனி வீடுகள் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசிக் கட்டப்படுகின்றன. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமும், பொருளை உரிமையாளர் வாங்கித் தரக் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தமும் வழக்கில் உள்ளன. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு ஆகியவை சதுர அடி விலைக்குள் அடங்குமா என்பது எழுதப்படாவிட்டால் அது பிணக்குக்கு இடமாகிறது.

பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டு சட்ட நிலையை விளக்கும். ஓர் உரிமையாளர் 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் 22 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் பேசினார். வேலை முடிந்தபின் ஒப்பந்ததாரர் மேலும் 3,40,000 ரூபாய் கேட்டார்.

* சுற்றுச்சுவர், 1,60,000 ரூபாய்: இது ஒப்பந்தத்தில் இல்லை, உரிமையாளர் இடையில் கேட்டுக் கட்டச் செய்தார். விலை பேசப்படாவிட்டாலும் நியாயமான தொகை தர வேண்டும். ஒப்பந்ததாரர் கேட்ட தொகையே நியாயமானது என்பதில்லை. சந்தை வீதத்தை அவர் மெய்ப்பிக்க வேண்டும்.
* ஓட்டுத் தளத்துக்கு மாற்றாகக் கிரானைட்டு, 60,000 ரூபாய்: உரிமையாளர் கேட்ட மாற்றம். இரண்டு தளங்களுக்கும் இடையிலான விலை வேறுபாடு மட்டுமே கூடுதல் ஆகும். கிரானைட்டின் முழு விலை ஆகாது.
* கம்பி விலை உயர்வு, 70,000 ரூபாய்: வேலை அதே வேலை. விலை உயர்ந்தால் வீதம் கூடும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.
* ஆழமான அடித்தளம், 50,000 ரூபாய்: மனை களிமண் நிலமாக இருந்ததால் கூடுதலாகத் தோண்ட நேர்ந்தது. அடித்தள ஆழம் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டு, அதற்கு மேல் போகும் முன் உரிமையாளரிடம் தெரிவித்து இசைவு பெற்றிருந்தால் தொகை கிடைக்கும். ஆழம் குறிக்கப்படாமல் "அடித்தளம் உட்பட" என்று மட்டும் இருந்தால் கிடைப்பது அரிது.

எனவே, ஒரே பட்டியலில் உள்ள நான்கு தொகைகளுக்கும் நான்கு வேறு விடைகள் அமைகின்றன. முழுத் தொகையையும் மறுக்கும் உரிமையாளரும், முழுத் தொகையையும் கேட்கும் ஒப்பந்ததாரரும் சட்டப்படி பெரும்பாலும் பாதி வழியிலேயே நிற்கின்றனர்.

எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதன் நிபந்தனைகளை வாய்மொழிச் சான்றால் மாற்ற முடியாது என்பது பொது விதி. ஆனால் பின்னாளில் வாய்மொழியாகச் செய்துகொண்ட மாற்றத்தை மெய்ப்பிக்க, சட்டப்படி எழுத்து கட்டாயமாகும் ஒப்பந்தங்கள், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் ஆகியவை நீங்கலாக, இடமுண்டு. இவ்விதிகள் 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தவை. 2024 சூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதீய சாட்சிய அதினியத்திலும் தொடர்கின்றன. கைப்பேசிச் செய்திகள் உரிய சான்றிதழுடன் சான்றாக ஏற்கப்படும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

கட்டுநரிடம் வீடு வாங்குவோருக்கு 2016 ஆம் ஆண்டின் நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது (பிரிவு 13). ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கட்டுமான விவரங்களையும் வாங்குபவரின் இசைவின்றி மாற்றக் கூடாது (பிரிவு 14). இச்சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 2017 இல் விதிகள் வெளியிடப்பட்டு, தமிழ்நாடு நிலைச்சொத்து ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது.

பயனியர் அர்பன் லேண்டு எதிர் கோவிந்தன் இராகவன் (2019) வழக்கில், கட்டுநர் தாமே எழுதி, வாங்குபவர் கையொப்பமிடுவதைத் தவிர வேறு வழியில்லாத ஒருதலைச் சார்பான நிபந்தனைகள் நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகும் என்றும், அவை வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

மாமல்லபுரத்துச் சிற்ப வேலை

மாமல்லபுரத்தில் 1957 இல் தொடங்கப்பட்ட அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி உள்ளது. இவ்வூர்க் கற்சிற்பங்கள் 2017 இல் புவிசார் குறியீடு பெற்றன. சிலைகள் அளவு, கல்லின் வகை, நுண்வேலை ஆகியவற்றைப் பொறுத்து விலை பேசப்படுகின்றன. பீடம், திருவாசி, மெருகேற்றல், மரப்பெட்டி, ஏற்றுகூலி ஆகியவை கூடுதல் கட்டணப் பிணக்குக்கு உரியவை.

வேலை செய்தவருக்குச் சட்டம் தரும் வலுவான உரிமை பிடிமானம் ஆகும். பிறர் கொடுத்த பொருளின்மேல் உழைப்பையும் திறனையும் செலுத்தியவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் (இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170). கோயிலார் கொடுத்த கல்லில் சிலை வடித்த சிற்பிக்கு இது பொருந்தும். சிற்பியின் சொந்தக் கல்லாயின், விலை பெறாத விற்பனையாளருக்குச் சரக்கு விற்பனைச் சட்டம் இதையொத்த உரிமை தருகிறது.

எனினும், பிடிமானம் உரிய கூலிக்கு மட்டுமே உண்டு. ஒப்புக்கொள்ளாத தொகைக்காகப் பொருளை மறித்து வைத்தல் கூடாது. தவறாலோ கட்டாயத்தாலோ பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 72. முறையற்ற கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றிச் சரக்கைத் தர மறுத்த இரயில் நிறுவனத்திடம், சரக்கை மீட்பதற்காக அதைச் செலுத்தியவர், மிகையாகக் கொடுத்த பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது இப்பிரிவின் எடுத்துக்காட்டு. எனவே மறுப்பைத் தெரிவித்துப் பணம் கட்டிப் பொருளை மீட்பவர் தம் உரிமையை இழப்பதில்லை.

குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துள்ள சிற்பக்கூடங்கள் 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் பயனையும் பெறலாம். வாங்குபவர் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்கு மேல் தவணை பேச முடியாது. தாமதித்தால் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும்.

ஆத்திரேலியச் சட்டத்துடன் ஒப்பீடு

ஆத்திரேலிய ஒப்பந்தச் சட்டம் தொகுக்கப்பட்ட ஒரே சட்டமாக இல்லாமல், நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வளர்ந்தது. 70 ஆம் பிரிவு போன்ற பொது விதி அங்கில்லை. எனினும் அதே கேள்விகள் அங்கும் எழுந்துள்ளன.

* லீபே எதிர் மொல்லாய் (1906): கூடுதல் வேலைக்கு எழுத்து ஆணை வேண்டும் என்று ஒப்பந்தம் கூறியது, ஆணை தரப்படவில்லை. வேலை நடப்பதையும், அது ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளது என்பதையும், பணம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் உரிமையாளர் அறிந்திருந்தால், பணம் தருவதாக உட்கிடை வாக்குறுதியைக் கொள்ளலாம் என ஆத்திரேலிய உயர் நீதிமன்றம் கூறியது.
* பேவி அன்டு மேத்யூசு எதிர் பால் (1987): வாய்மொழி ஒப்பந்தத்தில் வீட்டைப் புதுப்பித்த கட்டுநர், வேலையின் நியாய மதிப்பு 62,945 டாலர் என்றார்; உரிமையாளர் 36,000 டாலர் மட்டுமே கொடுத்திருந்தார். எழுத்து இல்லாத ஒப்பந்தத்தைச் சட்டப்படி நிலைநாட்ட முடியாவிட்டாலும், ஏற்றுக்கொண்ட பயனுக்கு நியாயமான ஈடு கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று.
* எம்பிர்னால் எதிர் மேக்கன் பால் (1988): ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமலேயே கட்டடக் கலைஞர்களின் பணியை ஏற்றுப் பணமும் செலுத்தி வந்த நிறுவனம், அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது என்று நியூ சவுத் வேல்சு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.
* மேன் எதிர் பேட்டர்சன் கன்சுட்ரக்சன்சு (2019): விக்டோரியா மாநிலத்தில் இரு வீடுகள் கட்டும் ஒப்பந்தத்தில் உரிமையாளர்கள் வாய்மொழியாக 42 மாற்றங்களைக் கேட்டனர். மாற்றங்களுக்கு எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று 1995 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் கூறுவதால், நியாய மதிப்பு என்ற பெயரில் அவற்றுக்குப் பணம் கேட்க முடியாது; அச்சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்கின் வழியாகவே கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்தது.

தாயப்பா வழக்கும் மேன் வழக்கும் ஏறத்தாழ ஒரே சூழலில் எதிரான முடிவை எட்டின. இந்தியச் சட்டம், எழுதாமல் உழைத்தவரைக் கைவிடாமல் இருப்பதை முதன்மையாகக் கொள்கிறது. விக்டோரியச் சட்டம், வீட்டுக்குரியவர் எதிர்பாராத கட்டணத்தைச் சந்திக்காமல் இருப்பதை முதன்மையாகக் கொள்கிறது.

மாமல்லபுரத்திலிருந்து ஆத்திரேலியாவுக்குச் சிலை அனுப்புவோருக்கு மற்றொரு வேறுபாடும் உண்டு. பன்னாட்டுச் சரக்கு விற்பனை பற்றிய 1980 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை ஆத்திரேலியாவில் 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா அதில் சேரவில்லை. ஒப்பந்தத்தை ஆள்வது ஆத்திரேலியச் சட்டம் என்று முடிவானால் அவ்வுடன்படிக்கை பொருந்தக்கூடும். எந்நாட்டுச் சட்டம் என்பதையும், கப்பல் கட்டணம், காப்பீடு, துறைமுகச் செலவு, மரப்பெட்டிக்கான பூச்சிநீக்கம் ஆகியவை யாரைச் சாரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பிணக்கைத் தவிர்க்கும்.

உணவகங்களும் விடுதிகளும்

உணவகங்களில் விலைச்சீட்டுடன் தாமாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் குறித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாடிக்கையாளர் விரும்பினாலன்றி அதை வசூலிக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சு 28 அன்று இந்நெறிகளை உறுதி செய்தது. இது சரக்கு, சேவை வரியிலிருந்து வேறுபட்டது. வரி சட்டப்படி வசூலிக்கப்படுவது. கடையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் பொருளை விற்கக் கூடாது. ஆனால் விடுதிகளும் உணவகங்களும் அமர்ந்து உண்போருக்குக் குடிநீர்ப் புட்டியை அவ்விலைக்கு மேல் வழங்குவதற்கு இத்தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது.

தீர்வு பெறும் வழிகள்

* நுகர்வோர் ஆணையம்: 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், செலுத்திய தொகை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையத்திலும் முறையிடலாம். முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். வீடு கட்டித் தருவதும் சேவையே என்பது 1993 இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம். கே. குப்தா வழக்கில் முடிவானது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* உரிமையியல் நீதிமன்றம்: கட்டணம் வரவேண்டிய ஒப்பந்ததாரரோ சிற்பியோ நுகர்வோர் அல்லர் ஆதலால், அவர்கள் பொதுவாக இங்கேயே வழக்குத் தொடர வேண்டும். கேட்டுக்கொண்டபடி செய்த வேலைக்குப் பணம் தரும் நாள் குறிக்கப்படாவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் காலவரம்பு.
* நிலைச்சொத்து ஒழுங்குமுறை ஆணையம்: பதிவுக்குரிய குடியிருப்புத் திட்டங்களில் வாங்குபவருக்கும் கட்டுநருக்கும் இடையிலான முறையீடுகளை ஏற்கிறது.

வாங்குபவரும் வேலை செய்பவரும் மாற்றம் பேசப்படும் நாளிலேயே வேலையின் விவரம், விலை, நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறுஞ்செய்தியாகவேனும் எழுதி, மற்றவரின் பதிலைப் பெற்றுக்கொள்வது, மேற்கூறிய வழக்குகளில் பெரும்பான்மையானவற்றின் மையக் கேள்விக்கு முன்கூட்டியே விடை தருவதாக அமையும்.

இவற்றையும் பார்க்க

* இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* செங்கல்பட்டு மாவட்டம்
* மாமல்லபுரம்
* மதுராந்தகம் ஏரி